மருதம் நெய்தலான ஊர்

அந்தமானுக்குச் செல்லும் தமிழ்ப் பயணிகளில் சிப்பிகாட்டைப் பார்க்கவென்று போகிறவர்கள் அநேகமாகக் கிடையாது. செல்லுலர் சிறை, ராஸ் தீவு, ஹேவ்லாக் கடற்கரை என்று நான்கு நாளுக்குள் அடங்கும் பட்டியல் ஒன்று சென்னையிலேயே தயாராகிவிடுகிறது. (இந்த இரு தீவுகளுக்கும் 2018இல் பெயர் மாறிவிட்டது. பட்டியலில் மாறவில்லை.) நேரம் மிச்சமிருந்தால் வாண்டூர். அந்த வாண்டூர்ச் சாலையில், போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டரில் வருவது சிப்பிகாட். பேருந்து நிற்கும், இரண்டு பேர் இறங்குவார்கள், ஒரு மூட்டை ஏறும். சாலையோரம் விரிந்து கிடக்கும் நீரையும் அதில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகளையும் ஜன்னல் வழியே பார்க்கும் பயணி, அழகான ஏரி என்று நினைத்துக்கொள்கிறார்.

அது ஏரி அல்ல. 2004 டிசம்பர் 26 காலை வரை அது நெல்வயல்.

சிப்பிகாட் என்ற பெயரைத் தமிழில் எழுதினால் ஒரு சிறு மயக்கம் வரும். சிப்பி நமக்குத் தெரிந்த சிப்பிதான் என்று தோன்றும். 'காட்' என்பதைக் காடு என்று படித்துவிடுகிறவர்கள் உண்டு. அது இந்திக்காரர்களின் படித்துறை. ஆகவே தமிழ்க் காதுக்கு இது சிப்பித்துறை. கேட்கும்போதே கொற்கைப் பக்கத்து ஊர்போல இருக்கிறது. ஆனால் இங்கே முத்தும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான படித்துறையும் இல்லை. கடலின் விரல் ஒன்று நிலத்துக்குள் நீண்டு வந்து, கிளைவிட்டு, சேற்றில் முடியும் உப்பங்கழி இருக்கிறது. போர்ட் பிளேர்த் துறைமுகத்தின் உட்கோடியில், ஆழமற்றுப் பரந்து கிடக்கும் பிளாட் பே என்ற விரிகுடாவின் தொடர்ச்சி அது. அந்தமானில் ஆறு என்று மரியாதையாகச் சொல்லத்தக்கது வடக்குத் தீவில் ஓடும் கல்பாங் ஒன்றுதான். மற்றபடி மழைக்கு ஓடும் ஓடைகளும், ஓதத்துக்கு ஏறி இறங்கும் கழிகளும்தான். இங்கே கரையோர ஊர் என்றால் கழிக்கரை ஊர்.

கரையோரத்துச் சின்ன ஊர்களைத் தேடிப் போவது உலகமெங்கும் ஒரு மோகம். போலந்து நாட்டில் விஸ்துலா நதிக்கரையில் காசிமியெஷ் டோல்னி என்று ஓர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் போலந்தின் தானியங்கள் அங்கிருந்து படகேறி, கடல் துறைமுகமான கதான்ஸ்க்குக்குப் போயின. நதியோரத்தில் கட்டிய கல் களஞ்சியங்களில் சில இன்னும் நிற்கின்றன. மேலே இடிந்த கோட்டை. கீழே சந்தைச் சதுக்கம். அதைச் சுற்றி வணிகர்களின் சிற்ப வேலைப்பாடுள்ள வீடுகள். போர்களும் நாட்டுப் பிரிவினைகளும் வணிகத்தை நிறுத்தின. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேராக இருந்த யூதர்களை நாஜிகள் இல்லாமல் ஆக்கினார்கள். ஆனாலும் கல் நின்றது. ஓவியர்கள் வந்தார்கள், பின்னால் வார்சாவின் வார இறுதிக் கூட்டம் வந்தது. போனது என்ன என்பதை அந்த ஊரில் ஒருவர் கட்டடம் கட்டடமாகப் பார்த்துக்கொண்டு நடக்கலாம்.

சிப்பிகாட்டில் அந்த வசதி இல்லை. போனது வரப்பு. வரப்பு போனால் அதற்கு இடிபாடு கிடையாது.

சரித்திரம் மட்டும் குறைவில்லை. தெற்கு அந்தமானின் இந்தப் பகுதி, ஆகா-பியா மொழி பேசிய அந்தமானியரின் இடம். அவர்கள் பயிர் செய்யவில்லை. கழியிலும் கடலிலும் கிடைத்ததை உண்டார்கள். தின்று போட்ட சிப்பிகளும் எலும்புகளும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து மேடுகளாயின. தொல்லியலாளர் ஸரீன் கூப்பர் சௌல்தாரியில் அப்படியொரு சிப்பி மேட்டை அகழ்ந்து, அதன் வயது சுமார் 2,200 ஆண்டு என்று கண்டார். தமிழகத்தில் சங்கப் பாட்டு பிறந்துகொண்டிருந்த காலம் அது. ஆகா-பியா பேச இன்று ஒருவரும் இல்லை. நோயும் குடியேற்றமும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் அந்த மொழியை முடித்துவிட்டன. தீவின் மிகப் பழைய ஆவணம் அந்தச் சிப்பிக் குவியல்தான்.

பிறகு வந்தது கைதிகளின் காலம். 1858 மார்ச்சில் டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் இறங்கினார். அந்தமான் என்றதும் நம் மனத்தில் எழுவது செல்லுலர் சிறை. அதைக் கட்டி முடித்ததோ 1906இல். அதற்கு முன் அரை நூற்றாண்டு தண்டனைக் குடியிருப்பு என்பது கட்டடம் அல்ல, வேலை: காடு வெட்டுவது, சதுப்பைத் தூர்ப்பது. கழி ஓரத்து அலையாத்திக் காடுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று ஆங்கிலேய வைத்தியர்கள் நம்பினார்கள். ஆகவே போர்ட் பிளேரைச் சுற்றி மரத்தை வெட்டி, கரை போட்டு, மதகு வைத்து, ஓதத்தை வெளியே நிறுத்தி, மழைநீரால் உப்பைக் கழுவி நிலம் உண்டாக்கினார்கள். நன்னடத்தைக் கைதிகளுக்குச் சில ஆண்டுகள் கழித்துச் 'சுயமாகப் பிழைக்கும்' உரிமையும் துண்டு நிலமும் கிடைத்தன. சங்கிலி கழற்றப்பட்ட கால் மிதித்த முதல் மண், பல இடங்களில், கடலிடமிருந்து பிடுங்கிய மண்.

அந்தந்தக் காலத்தில் வந்தவர்கள் தங்கள் பெயரை விட்டுப் போயிருக்கிறார்கள். விம்பர்லிகஞ்ச், ஃபெரார்கஞ்ச் ஆங்கில அதிகாரிகளுடையவை. வாண்டூர், மஞ்சேரி, நிலம்பூர், கள்ளிக்கோட்டை என்று வரிசையாக வருவது 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார் தங்கள் ஊரை நினைத்து வைத்த பெயர்கள். போர்ட் பிளேருக்கே 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டினார்கள். பெயர்ப் பலகை மாற்றுவதில் அரசுகளுக்கு அலுப்பே வருவதில்லை. சிப்பிகாட் அந்தப் பட்டியலில் சேரும் அளவுக்கு இன்னும் பெரிதாகவில்லை.

சிப்பிகாட்டைத் தாண்டி அதே சாலையில் போனால் ஹம்ஃப்ரிகஞ்ச். 1942 மார்ச் முதல் தீவுகள் ஜப்பானியர் பிடியில் இருந்தன. 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி போர்ட் பிளேருக்கு வந்து மூவர்ணக் கொடி ஏற்றிச் சென்றார். ஒரு மாதம்தான் கழிந்தது. 1944 ஜனவரி 30 அன்று, ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டி 44 பேரை ஹம்ஃப்ரிகஞ்சில் ஜப்பானியர் சுட்டுக் கொன்று புதைத்தார்கள். கொல்லப்பட்டவர்களில் பலர் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் கொடுமை. அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் அங்கும் அதிகம் நிற்பதில்லை.

நாடு பிரிந்தபின் 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகள் கப்பலில் வந்தார்கள். குடும்பத்துக்குப் பத்து ஏக்கர்: ஐந்து ஏக்கர் நெல் விளையும் பள்ளம், ஐந்து ஏக்கர் மேட்டு நிலம். கணக்குப் போட்டுக் கொடுத்த அரசு அதிகாரி யாரோ, விவசாயக் குடும்பத்தை அறிந்தவர். பள்ளத்தில் சோறு, மேட்டில் தென்னையும் பாக்கும் வீடும். தென் அந்தமானின் முதல் குடியேற்ற ஊர்கள் பல இந்த வட்டாரத்திலேயே அமைந்தன. அவர்களுக்கு முன்னும் பின்னும் தமிழர்களும் தெலுங்கர்களும் ராஞ்சியிலிருந்து வந்த பழங்குடியினரும் வந்து சேர்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுவாசிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். சந்தைப் பேச்சு எல்லோருக்கும் பொதுவான ஓர் இந்தி. அந்த இந்தியில் நம்மூர்க்காரரை ஒரே வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

பள்ளத்தில் விளைந்தது பெரும்பாலும் சி 14-8 என்ற நெல். ஆளுயரம் வளரும், ஆறு மாதம் எடுக்கும், விளைச்சல் சுமார். புதுரகங்களை அரசுப் பண்ணை எவ்வளவு பரிந்துரைத்தாலும் இதைத் தீவு விவசாயி விடவில்லை. மழை கொட்டித் தீர்க்கும் ஊரில் தண்ணீருக்கு மேல் தலை நீட்டி நிற்கும் நெல்தான் அவருக்கு நம்பிக்கை. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை, சென்னைக்குப் பெய்வதைப்போல் இருமடங்கு. வருஷத்துக்கு ஒரே போகம். அறுவடை டிசம்பரை ஒட்டி.

2004இன் அந்த டிசம்பர் ஞாயிறு, பௌர்ணமி. காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பாறை நழுவத் தொடங்கியது. நழுவல் வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. அதற்குச் சில நிமிஷங்களே ஆயின. அளவு 9.1. பிறகு வந்த அலையைப் பற்றித் தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் அதைச் சொல்லிவிட்டன. அந்தமான் நிக்கோபாரில் உயிர்ப்பலியின் பெரும்பங்கு நிக்கோபார் தீவுகளில். போர்ட் பிளேர் வட்டாரத்தில் சாவு குறைவு. சிப்பிகாட் அன்றைய செய்திகளில் அடிபடாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஆனால் இங்கே நடந்தது அலையைவிட விசித்திரமானது. அலை வரும், போகும். இங்கே தரையே இறங்கிவிட்டது.

அதன் கணக்கு இப்படி. இந்தியத் தட்டு அந்தமானின் அடியில் மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. உரசுமிடம் பூட்டிக்கொள்ளும்போது மேலிருக்கும் தட்டின் முனையும் கூடவே கீழே இழுபடுகிறது. அதற்குப் பின்னாலுள்ள பகுதி புடைக்கிறது. நூற்றாண்டுக்கணக்கில் இப்படிச் சேர்ந்த விசை ஒருநாள் விடுபடும்போது, முனை எழும்புகிறது; புடைத்த இடம் தாழ்கிறது. இழுத்து வளைத்த பிரம்பை விட்டதுபோல. 2004இல் மேற்கோரத்துத் தீவுகளும் வடக்கு அந்தமானும் எழும்பின. இன்டர்வியூ தீவருகே பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து வெயிலில் வெளுத்துச் செத்தன. தென்கோடியில் கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கின் அடிப்பகுதி கடலுக்குள் போயிற்று. போர்ட் பிளேர்ப் பகுதி தாழ்ந்தது சுமார் ஒரு மீட்டர்.

ஒரு மீட்டர் என்பது பெரிய அளவாகத் தோன்றாது. இடுப்புயரம். மலைச்சரிவில் நிற்கும் வீட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. கழியோர வயலுக்கு அதுதான் எல்லாம். போர்ட் பிளேரில் பௌர்ணமி, அமாவாசைகளை ஒட்டிக் கடல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மீட்டர்போல. உயர் ஓதத்துக்குக் கொஞ்சமே மேலே, கரையும் மதகும் காவல் நிற்க, இருந்துவந்த நிலம் ஒரு மீட்டர் இறங்கினால், அதன்பிறகு கடல் அதற்குள் வர அலையோ புயலோ தேவையில்லை. நாளைக்கு இரண்டு தரம், சாவகாசமாக, ஓசையில்லாமல் வரும். சிப்பிகாட்டில் வந்தது. சாலைமீது ஏறியது, பின்னால் சாலையை உயர்த்த வேண்டியதாயிற்று. தாழ்வான வீடுகளில் ஓதத்துக்கு ஓதம் தண்ணீர் புகுந்தது. வயல்களில் நின்ற தென்னையும் பாக்கும் முதலில் மஞ்சளாயின. பிறகு மட்டை உதிர்ந்து, தலையில்லாத கம்பங்களாக வெகுகாலம் தண்ணீரில் நின்றன.

போர்ட் பிளேரிலுள்ள மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் சுனாமிக்குப் பின் நிலங்களை மூன்றாகப் பிரித்தார்கள். கடல் ஒருமுறை வந்து திரும்பிய நிலம்; ஓதத்தோடு வந்து ஓதத்தோடு போகும் நிலம்; வந்து தங்கிவிட்ட நிலம். முதல் வகைக்கு மழையே மருந்து. இரண்டு மூன்று பருவமழையில் உப்பு கழுவிப் போய், நெல் திரும்ப வந்தது. அடுத்த இரண்டுக்கும் யோசனைகள் சொன்னார்கள்: அகலமான மேட்டுப் பாத்தியும் இடையே வாய்க்காலுமாக மாற்றி மேலே காய்கறி, கீழே மீன், அல்லது உவர்நீர் மீன், இறால் வளர்ப்பு. யோசனையில் குற்றமில்லை. நெல் விவசாயியை இறால் வளர்க்கச் சொல்வது மட்டும் நெசவாளியைத் தச்சு வேலைக்குப் போகச் சொல்வதுபோல. செய்துவிடலாம், அவர் நெசவாளியாக இருக்கமாட்டார்.

பத்து ஏக்கர்க் கணக்கு இந்த இடத்தில் வேறு முகம் காட்டுகிறது. அப்படி நிலம் பெற்ற குடும்பத்தில் மேட்டு ஐந்து ஏக்கர் பத்திரமாக இருக்கும். பள்ளம் ஐந்தும் போய்விடும். தென்னையும் பாக்கும் மிஞ்சும், சோறு போய்விடும். கண்ணெதிரே வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், தாத்தா சேறு மிதித்து உண்டாக்கிய நிலம் வெள்ளிபோல மின்னிக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் அதைப் படம் எடுப்பார்கள்.

படம் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீர் வந்த பின்னால் பறவைகள் வந்தன. இன்று தென் அந்தமானில் பறவை பார்க்கிறவர்கள் தவறாமல் வரும் இடம் சிப்பிகாட். உள்ளானும் உப்புக்கொத்தியும் வடதுருவப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து சேற்றில் இரை கொத்துகின்றன. சீழ்க்கைச் சிறகி, கானாங்கோழி, நீலத் தாழைக்கோழி எல்லாம் உண்டு. உச்சாணியில் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு. எல்லாவற்றையும்விட அரிது, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட ஒரு பழுப்பு வாத்து: அந்தமான் கிளுவை. அந்தமானையும் வடக்கே மியான்மருக்குச் சொந்தமான கோகோ தீவுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்து, விடியற்காலையில் இந்தச் சாலையோரம் தொலைநோக்கியுடன் நிற்கிறவர் தேடுவது அதைத்தான். கூடவே தண்ணீருக்குள் இறங்கவேண்டாம் என்ற எச்சரிக்கை அவருக்குச் சொல்லப்படும். வயல் கழியானபோது கழிக்குரிய உப்புநீர் முதலையும் வர உரிமை பெற்றுவிட்டது.

கண்டலும் திரும்பிவிட்டது. வெட்டப்பட்டு நூறாண்டானாலும் அலையாத்தி மரங்களுக்கு நினைவு போகவில்லை. நாற்று, மரத்திலேயே முளைத்து, ஈட்டிபோலச் சேற்றில் விழுந்து, அல்லது ஓதத்தில் மிதந்து, ஏற்ற ஆழம் கண்ட இடத்தில் ஊன்றிக்கொள்கிறது. தாழ்ந்துபோன பழைய கரையில் நின்ற அலையாத்திகள் மூழ்கிச் செத்தன. உள்ளே வந்த ஓதத்தோடு புதிய தலைமுறை உள்ளே வந்தது. அந்தமான் சதுப்புக் காட்டில் இருக்கும் மரங்களில் ஒன்று தில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்ததே அதுதான். கோயில் சுவரில் மட்டும் அதைக் கும்பிட்டுப் பழகியவர்கள், அது பாலில் விஷம் வைத்துக்கொண்டு சேற்றோரம் நிற்பதைப் பார்த்தால் வியப்படைவார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சிப்பிகாட் ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்த மரபு, அவற்றுள் ஒன்று மற்றொன்றாகத் திரியக்கூடும் என்பதையும் அறிந்திருந்தது. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றிப் பாலையாவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மருதம் நெய்தலாவதற்குத் தனியே பெயரில்லை. கடல்கோள் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். இறையனார் களவியல் உரையில் கபாடபுரம் போயிற்று. மணிமேகலையில் புகார் போயிற்று. நம் காலத்தில் 1964 புயலில் தனுஷ்கோடி போயிற்று. கடல்கோள் என்றாலே மலைபோல அலை, ஒரே நாளில் முடிவு என்று பழகிய மனத்துக்குச் சிப்பிகாட்டின் கடல்கோள் புரிவது கடினம். ஊர் இருக்கிறது. கடை இருக்கிறது. வாழைத் தார் தொங்குகிறது. உழவன் மட்டும் தன் ஊரிலேயே பரதவன் ஆக்கப்பட்டுவிட்டான். வலை வீசத் தெரியாத பரதவன்.

ஊரின் மேட்டுப் பக்கத்தில் சுமார் 80 ஏக்கரில் அரசுப் பண்ணை இருக்கிறது. கிராம்பு, ஜாதிக்காய், இலவங்கப்பட்டை, மிளகு. பழைய சுற்றுலாப் புத்தகங்களில் சிப்பிகாட்டுக்கு ஒரு வரி கிடைத்ததென்றால் இந்தப் பண்ணைக்காக. வெளியே அதிகம் தெரியாதது இங்குள்ள தென்னைச் சேகரம். 1981இல் காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்து நிபுணர்கள் பசிபிக் தீவுகளுக்குப் போய், ஃபிஜி, டோங்கா, சமோவா போன்ற இடங்களிலிருந்து 24 வகைத் தென்னைகளைத் தேர்ந்து வந்தார்கள். அவற்றை நேரே கேரளத்தில் நட்டால் கூடவே வரும் நோயும் பூச்சியும் நாட்டுத் தென்னையைத் தொற்றும். ஆகவே கடல் சூழ்ந்த சிப்பிகாட்டில் நட்டார்கள். கைதிகளை வைத்த அதே காரணம்: தப்பித்தாலும் கரை சேரமுடியாத தூரம். பிற்பாடு காயை அனுப்பாமல், காய்க்குள் இருக்கும் கருவை மட்டும் எடுத்துச் சோதனைச்சாலையில் வளர்த்து, அந்த வகைகளைத் தாய்நாட்டுக் கரைக்குக் கொண்டுபோனார்கள். தென்னைக்கு விடுதலை கிடைத்த விதம் அது.

இப்போது சச்சரவு நீரைப் பற்றியது. நகரம் இந்தப் பக்கமாகத்தான் வளர்கிறது. தீவில் சமதளம் அருமை, காடு தொடமுடியாதது, மேட்டில் இடமில்லை. மண் கொட்டித் தூர்த்தால் சாலையோர மனை கிடைக்கும் என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும். பறவை ஆர்வலர்கள் இதைச் சதுப்புநிலமாக அறிவித்துக் காக்கவேண்டும் என்கிறார்கள். விதிகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. 2011இன் தீவுப் பாதுகாப்பு அறிவிக்கையும் அதன்பின் வந்த 2019இன் தீவுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் அலையாத்திக் காட்டையும், ஓதம் ஏறி இறங்கும் நிலத்தையும் கடுமையான காப்புக்குள் வைக்கின்றன. உயர் ஓதக் கோடுதான் எல்லை. அந்தக் கோடு ஒரு நாள் காலை ஒருவருடைய வயலைத் தாண்டி வீட்டுப் படிக்கட்டுவரை வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை எந்த அறிவிக்கையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. கண்டலை அவர் நடவில்லை. கிளுவையை அவர் அழைக்கவில்லை. இரண்டும் அரிய உயிர்கள், காக்கப்படவேண்டியவைதாம். ஆனால் அவற்றைக் காக்கும் செலவு முழுவதையும் நெல் இழந்தவர் தலையில் வைத்துவிட்டு, மற்றவர்கள் தொலைநோக்கியுடன் நிற்பது நியாயமாகாது. பறவை பார்க்க வருகிறவர் கொடுக்கும் பணம் விமான நிறுவனத்துக்கும் விடுதிக்கும் வாடகை வண்டிக்கும் போகிறது. சிப்பிகாட்டில் அவர் விட்டுப்போவது ஒரு கோப்பைத் தேநீரின் விலை. அதுவும் கடை திறந்திருந்தால்.

மீண்டும் கரை உயர்த்தி, மதகு பூட்டி, வயலாக்கலாமே என்பவர்களும் உண்டு. செலவும் உழைப்பும் ஒருபுறம் இருக்கட்டும். நிலத்தை நம்பலாமா என்பது வேறு. போர்ட் பிளேருக்கு அருகே மண்ணுக்கடியில் புதைந்திருக்கும் பழைய அலையாத்தி வேர்களைப் புவியியலாளர்கள் ஆராய்ந்து, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் இங்கே நிலம் இப்படித் தாழ்ந்திருக்கிறது என்கிறார்கள். அதற்கும் 2004க்கும் நடுவே அது மெல்ல மெல்ல எழுந்திருக்கிறது. அப்படி எழுந்துகொண்டிருந்த நிலத்தைத்தான் கைதிகள் கரைபோட்டு வயலாக்கினார்கள், அகதிகள் பட்டா பெற்றார்கள். நூற்றைம்பது ஆண்டுப் பயிர்த்தொழிலும் ஆயிரம் ஆண்டு மூச்சு ஒன்றின் நடுவில் வந்து போனது. கிரேட் நிக்கோபாரின் கலதியா விரிகுடாவில் பெரிய துறைமுகமும் நகரமும் கட்டத் திட்டமிடுகிறவர்கள் அங்கு போகும் வழியில், ஒரு மணி நேரம் ஒதுக்கி, இந்தச் சாலையோரத்தில் நின்று பார்க்கலாம். அந்த விரிகுடா இருக்கும் தீவின் தென்முனைதான் நான்கு மீட்டர் தாழ்ந்தது.

சிப்பிகாட்டுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: போர்ட் பிளேரில் அபெர்தீன் கடைவீதியை அடுத்த மோகன்புரா நிலையத்தில் வாண்டூர்ப் பேருந்து கிடைக்கும். விடியற்காலை நல்லது. அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்பவேண்டும். ஓதம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். நிறைந்திருக்கும்போது போனால் ஏரிதான் தெரியும். வற்றும் நேரத்தில், நீர் கழியை நோக்கி இழுத்துக்கொள்ளும்போது, வெயில் சாய்வாக விழுந்தால், சேற்றுக்கு மேலே கோடு கோடாக, சதுரம் சதுரமாக ஒன்று எழும். கொக்குகள் வரிசையாக அதன்மேல்தான் நிற்கும். பழைய வரப்பு.